ஐந்து பாகத்தை ஆறாக்கினேன், ஒன்பது பேர் படித்தோம்

எங்கள் வீட்டில் பொன்னியின் செல்வன் இரண்டு இருக்கிறது. ஒன்று பாட்டி சேர்த்தது. 1950 அக்டோபர் கடைசியில் கல்கி இதழில் தொடர் ஆரம்பித்ததிலிருந்து 1954-இல் முடிகிறவரை, மூன்றரை வருடம், வாராவாரம் பக்கங்களைப் பிரித்தெடுத்து அடுக்கி வைத்து, பிறகு பைண்டு செய்து வாங்கியிருக்கிறாள். மணியம் வரைந்த படங்கள் அதில் உண்டு. தாள் இப்போது பொரித்த அப்பளம் மாதிரி. ஓரத்தைத் தொட்டால் உதிர்கிறது. பைண்டர் ஓரம் வெட்டும்போது தாராளமாக வெட்டிவிட்டதால் சில பக்கங்களில் வரியின் கடைசி எழுத்து இல்லை. ஒரு வாரத்து இதழ் தெருவைச் சுற்றி வந்ததில் காணாமல் போய்விட, பக்கத்துத் தெருவிலிருந்து இரவல் வாங்கி அந்த அத்தியாயம் முழுவதையும் கையால் எழுதி, அந்த நீல மைத் தாள்களையும் சேர்த்தே பைண்டு செய்திருக்கிறாள்.

இன்னொன்று ஊர் சுற்றுகிற பிரதி. திருவானைக்காவலிலும் ஸ்ரீரங்கத்திலும் இருக்கிற எங்கள் ஒன்பது பேர் கையில் மாறி மாறிப் போய், ஒரு தாள்கூடக் குறையாமல் வீடு திரும்பியிருக்கிறது. இதை எப்படிச் செய்வது என்று பலர் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லி முடியவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன். நான் மருந்துக் கடையில் கணக்கு எழுதுகிறவள். என் வழி கொஞ்சம் கணக்கு வழிதான்.

முதலில், எந்தப் பிரதியைக் கொடுப்பது

வீட்டில் ஒரே ஒரு பிரதி இருந்து, அது போனால் மனம் தாங்காது என்றால், அதைக் கொடுக்காதீர்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பாட்டியின் தொகுப்பை நான் யாருக்கும் கொடுப்பதில்லை. பார்க்க ஆசைப்படுகிறவர்கள் வீட்டுக்கு வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, மேஜையில் வைத்துப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம்.

கொடுக்கிற பிரதி வேறாக இருக்க வேண்டும் என்பதை நான் அடிபட்டுத்தான் கற்றேன். பல வருடம் முன்பு, ஐந்து பாகத்தையும் ஒரு கட்டைப்பையில் போட்டு, தெரிந்த ஒருவரிடம் "படிச்சிட்டு மெதுவா குடுங்க" என்று கொடுத்தேன். அவர்கள் வீடு மாற்றினார்கள். பை திரும்பி வந்தபோது மூன்றாம் பாகம் இல்லை. அவர்களும் தேடிப் பார்த்து, வருத்தப்பட்டு, கடைசியில் பேச்சையே தவிர்க்க ஆரம்பித்துவிட்டார்கள். புத்தகத்தோடு ஒரு பழக்கமும் போனது. பிறர் கைக்குப் போன புத்தகம் போனதுதான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. "மெதுவா குடுங்க" என்று நான் சொன்னதுதான் தப்பு. எப்போது, யாரிடம் கொடுக்க வேண்டும் என்று தெரியாத புத்தகம்தான் தொலைகிறது.

கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டதால் பல பதிப்பகங்கள் இந்த நாவலைப் போடுகின்றன. கடையில் வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காமல் நடுவில் விரித்துப் பாருங்கள். உள்பக்க ஓரத்தில் ஒரு விரல் அகலமாவது வெற்றிடம் இருக்க வேண்டும். மலிவுப் பதிப்புகள் வெறும் கோந்தில் ஒட்டியவை. நாலு பேர் படித்தால் முதுகு பிளந்து தாள்கள் கொட்டும். அதைப் பைண்டிங் கடையில் கொடுத்துத் தைக்க வேண்டிவரும். பக்கவாட்டில் துளை போட்டுத் தைக்கும்போது ஓரம் குறைவாக இருந்தால் தையல் எழுத்தை விழுங்கிவிடும். அதற்குத்தான் அந்த ஒரு விரல். எழுத்தும் பெரியதாக இருக்கட்டும். நம் வரிசையில் கண்ணாடி போட்டவர்கள்தான் அதிகம் இருப்பார்கள்.

ஐந்தை ஆறாக்குவது

இதுதான் நான் கண்டுபிடித்ததிலேயே பயன்பட்ட விஷயம், அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

அத்தியாயக் கணக்கைப் பாருங்கள். புது வெள்ளம் 57, சுழற்காற்று 53, கொலை வாள் 46, மணிமகுடம் 46, தியாக சிகரம் 91. மொத்தம் 293. வேலைக்குப் போய், சமைத்து, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு படிக்கிறவர்களால் நாளுக்கு நாலு அத்தியாயம் முடியும். அந்த வேகத்தில் முதல் நாலு பாகமும் ஒவ்வொன்றும் பதினைந்து நாளுக்குள் முடிந்துவிடும். ஐந்தாம் பாகம் மட்டும் இருபத்து மூன்று நாள் கேட்கும்.

ஆளுக்கு ஒரு பாகமாகக் கை மாற்றுகிறபோது இந்த ஐந்தாம் பாகம்தான் வரிசையைக் கெடுக்கும். முன்னால் இருப்பவர் அதை இன்னும் முடிக்கவில்லை. பின்னால் இருப்பவரோ மணிமகுடத்தை முடித்துவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டிருப்பார். நாவலில் எங்கே காத்திருந்தாலும் பரவாயில்லை, அந்த இடத்தில் காத்திருக்க வைப்பது கொடுமை.

அதனால் தியாக சிகரத்தை பைண்டரிடம் கொண்டுபோய் இரண்டாகப் பிரிக்கச் சொன்னேன். 45-ஆவது அத்தியாயம் வரை ஒன்று, அதற்கு மேல் 46 அத்தியாயம் இன்னொன்று. பைண்டர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். "நல்ல புத்தகத்தை ஏம்மா அறுக்கிறீங்க?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் அவரே ஆர்வமாகிவிட்டார். 45-ஆவது அத்தியாயம் முடிகிற தாளின் பின்பக்கத்திலேயே அடுத்தது ஆரம்பித்துவிடுகிறதே என்று காட்டியவரும் அவர்தான். அந்த ஒரு பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து இரண்டாவது பாதியின் தொடக்கத்தில் சேர்த்துத் தைத்தோம்.

இப்போது கையில் ஆறு புத்தகம். எதுவும் 45-க்குக் குறையாது, 57-ஐத் தாண்டாது. ஆறுமே பதினைந்து நாளில் அடங்கும்.

கணக்கு எப்படி வருகிறது என்றால், முழு நாவலையும் ஒருவர் வைத்துப் படித்து அடுத்தவருக்குக் கொடுத்தால் ஆளுக்கு மூன்று மாதம், ஒன்பது பேருக்கு இருபத்தேழு மாதம் ஆகும். இரண்டு வருடத்துக்கு மேல். ஒன்பதாவது ஆள் அதற்குள் தன் பெயரைக் கொடுத்ததையே மறந்திருப்பார். ஒவ்வொரு புத்தகமாக நகர்த்தினால் முதல் ஆள் இரண்டாவதைத் தொடும்போதே அடுத்தவர் முதலாவதை ஆரம்பிக்கிறார். பதினைந்து நாள் ஒரு தவணை என்று வைத்தால், பதினாலு தவணையில் ஒன்பது பேரும் முடித்துவிடலாம். ஏறக்குறைய ஏழு மாதம். நடுவில் ஆறு புத்தகமும் ஆறு வீட்டில் ஒரே நேரத்தில் திறந்திருக்கிற நாட்கள் வரும். அந்த நாட்கள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கடையில் ரசீது அடுக்கும்போது, இந்நேரம் யார் எங்கே போய்க்கொண்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன். ஒருத்தி கோடிக்கரையில் இருப்பாள், ஒருத்தி இப்போதுதான் கடம்பூருக்குள் நுழைந்திருப்பாள்.

நாள் குறிப்பது

தொடக்கம் ஆடிப்பெருக்கு. நாவலே ஆடிப் பதினெட்டாம் பெருக்கு அன்று, வீரநாராயண ஏரிக்கரையில்தான் ஆரம்பிக்கிறது. அன்றைக்கு அம்மா மண்டபம் படித்துறையில் காவிரிக்குக் கும்பிடு போட்டுவிட்டு, மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு, புளியோதரையும் தேங்காய் சாதமும் சாப்பிட்டு முடித்ததும், முதல் ஆளிடம் புது வெள்ளத்தைக் கொடுத்துவிடுவேன். ஆற்றைப் பார்த்துக்கொண்டே முதல் அத்தியாயத்தின் முதல் பக்கத்தை யாராவது ஒருவர் சத்தமாக வாசிப்பது எங்கள் வழக்கமாகிவிட்டது.

அதன் பிறகு கை மாற்றுகிற நாள் பிரதோஷம். மாதம் இரண்டு பிரதோஷம், பதினாலு பதினைந்து நாளுக்கு ஒருமுறை வரும். யாருக்கும் ஞாபகப்படுத்த வேண்டாம். நாள்காட்டியில் இருக்கிறது, எங்களில் பாதிப் பேர் எப்படியும் சாயங்காலம் கோயிலுக்கு வருவார்கள். ஆடிப்பெருக்குக்கு அடுத்த பிரதோஷம் சீக்கிரமே வந்துவிட்டால் அதை விட்டுவிட்டு அதற்கடுத்ததிலிருந்து எண்ணுங்கள். பதினாலாவது தவணை மாசியில், சிவராத்திரியை ஒட்டி முடியும்.

இடம் மட்டும் கோயிலுக்கு உள்ளே வேண்டாம். நாங்கள் முதலில் பிராகாரத்தில் வைத்திருந்தோம். கோயிலுக்கு வர முடியாத நாள் என்று ஒருவர் நிற்பார், எங்கள் வரிசையில் இருக்கிற முஸ்லிம் தோழி வெளியிலேயே காத்திருப்பார். இது சரியில்லை என்று பட்டதும், வெளியே பூக்கடைக்குப் பக்கத்தில் மாற்றிக்கொண்டோம். பூக்கடை அக்கா ஒரு பலகை போட்டுக் கொடுத்தார். யாருக்காவது நேரமாகிவிட்டால் புத்தகத்தை அவரிடம் கொடுத்துவிட்டுப் போகலாம். ஈரப் பூவுக்குப் பக்கத்தில் வைக்காமல் கல்லாப் பெட்டிக்கு மேலே வைப்பார்.

உங்கள் ஊரில் பிரதோஷம் ஒத்துவராது என்றால் ஒன்றாம் தேதியும் பதினாறாம் தேதியும் வைத்துக்கொள்ளுங்கள். சந்தை நாள், குழுக் கூட்டம், பாட்டு வகுப்பு எதுவானாலும் சரி, எல்லோரும் எப்படியும் ஒரு இடத்துக்கு வருகிற நாளாக இருக்க வேண்டும். புத்தகத்துக்காகவே தனியாக ஒரு நாள் என்று வைத்தால் மூன்றாவது மாதத்தில் ஆள் வராது.

வரிசை

ஒவ்வொருவருக்கும் இரண்டே பேரைத் தெரிந்தால் போதும். எனக்கு முன்னால் யார், எனக்குப் பின்னால் யார். முன்னால் இருப்பவரிடம் வாங்கி, பின்னால் இருப்பவரிடம் கொடுக்க வேண்டும். உரிமையாளரிடம் திருப்பிக் கொடுத்து அவர் மறுபடி விநியோகம் செய்கிற முறை வேண்டாம். அதில் எல்லாப் பாரமும் ஒருத்தி தலையில் விழும். நேரடியாகக் கை மாறும்போது கொடுக்கிறவருக்கும் ஒரு கூச்சம் இருக்கும், எதிரில் நிற்கிறவர் காத்திருக்கிறாரே என்று. அந்தக் கூச்சம்தான் புத்தகத்தை நகர்த்துகிறது.

முதல் இடம் நேரம் தவறாதவருக்கு. அவர் தாமதித்தால் எல்லோருக்கும் தாமதம். எங்கள் முதல் ஆள் ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். பிரதோஷத்துக்கு முந்தின நாளே முடித்துவிட்டுப் புத்தகத்தைப் பையில் போட்டு ஆணியில் மாட்டிவிடுவார். கடைசி இடம் யாருக்கு மெதுவாகப் படிக்க வேண்டுமோ அவருக்கு. எங்கள் ஒன்பதாவது ஆள் எதிர்வீட்டுப் பெரியம்மா. கண்ணில் புரை. மருமகள்தான் சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுகிறாள். வாயால் வாசிக்க இரண்டு மடங்கு நேரம் ஆகும், அதோடு பெரியம்மா நடுநடுவே "இரு இரு, அந்த ஓடக்காரப் பொண்ணு சொன்னதை இன்னொரு வாட்டி படி" என்பார். அவருக்குப் பின்னால் யாரும் இல்லாததால் புத்தகங்கள் அவரிடம் சேர்ந்துகொண்டே போனாலும் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. மாசியில் மற்ற எல்லோரும் முடித்தார்கள், பெரியம்மா வீட்டில் வைகாசி வரை ஓடியது. மருமகள் வேண்டாவெறுப்பாக ஆரம்பித்தவள். கடைசியில் மாமியார் தூங்கிய பிறகு விளக்கைப் போட்டுக்கொண்டு தனியாகவும் படித்திருக்கிறாள்.

தவணை வந்தும் முடிக்க முடியவில்லை என்றால்? புத்தகம் நகரத்தான் வேண்டும். இதில் நான் கறார். காய்ச்சலோ, வீட்டில் விசேஷமோ, எதுவானாலும் கையிலிருப்பதைக் கொடுத்துவிட்டு மீதியை ப்ராஜெக்ட் மதுரை இணையதளத்தில் படித்துக்கொள்ளச் சொல்வேன். முழு நாவலும் அங்கே இலவசமாக இருக்கிறது, செல்போனிலேயே படிக்கலாம். திரையில் படிக்கப் பிடிக்காதவர்கள்கூடப் பத்து அத்தியாயம் சமாளித்துவிடுவார்கள்.

பிடிக்கவில்லை என்று பாதியில் விட்டவர்களும் உண்டு. விடட்டும். புது வெள்ளத்தில் இருபது அத்தியாயத்தோடு நிறுத்திய ஒருவர், சொல்லத் தயங்கிப் புத்தகத்தை ஒளித்து வைத்திருந்தார். நாவல் பிடிக்காததற்காக யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று ஆரம்பத்திலேயே வாய் விட்டுச் சொல்லிவிடுங்கள். அவர் விலகினால் அவருக்கு முன்னால் இருந்தவரும் பின்னால் இருந்தவரும் சேர்ந்துகொள்வார்கள், அவ்வளவுதான்.

புதிதாகப் படிக்கிறவர்கள் நின்றுபோவது பெரும்பாலும் பெயர்களால். அதனால் புது வெள்ளத்தின் உள் அட்டையில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன். சுந்தர சோழர், அவர் பிள்ளைகள் ஆதித்த கரிகாலன், குந்தவை, அருள்மொழிவர்மன். கண்டராதித்தர், அவர் மனைவி செம்பியன் மாதேவி, மகன் மதுராந்தகன். பெரிய பழுவேட்டரையர், சின்னப் பழுவேட்டரையர். இவ்வளவுதான். இதற்கு மேல் ஒரு உறவுகூட எழுதாதீர்கள். யார் யாருக்கு என்ன என்பதைக் கல்கி எங்கே சொல்ல வேண்டுமோ அங்கே சொல்வார்.

அதேபோல முன்னால் போனவர்கள் பின்னால் வருகிறவர்களிடம் கதை சொல்லக் கூடாது. 2022-இலும் 2023-இலும் படம் வந்து எல்லோருக்கும் கதை தெரியும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். படம் பார்க்காத ஒருத்தி எங்கள் வரிசையிலேயே இருந்தாள். பலகையில் உட்கார்ந்து பேசும்போது டீச்சர் வாயைத் திறந்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்து அப்படியே மூடிக்கொண்டது எனக்குக் கண்ணிலேயே நிற்கிறது. பேச ஆசையாக இருந்தால் உங்களுக்கு முன்னால் இருப்பவரிடம் பேசுங்கள். அவருக்குத்தான் உங்களை விட அதிகம் தெரியும்.

சீட்டும் நோட்டும்

ஒவ்வொரு புத்தகத்தின் முதல் தாளிலும் நூலகத்தில் ஒட்டியிருக்குமே, தவணைச் சீட்டு, அதே மாதிரி ஒன்று. மூன்று கட்டம்: யார், வந்த நாள், போன நாள். பேனாவால் அவரவரே எழுத வேண்டும். "இந்தப் புத்தகம் இன்னாருடையது" என்று முகப்பில் பெரிதாக எழுதுவதை நிறுத்திவிட்டேன். கடைசி அட்டையின் உள்பக்கம் சின்னதாக என் பெயர் இருக்கிறது, அது போதும்.

புத்தகத்தில் யாரும் கோடு போடக் கூடாது, பென்சிலால்கூட. ஒருவர் கோடு போட்ட வரியை அடுத்தவர் தன் வேகத்தில் படிக்க முடியாது. கண் அங்கேயே ஓடும். ஆனால் எழுத வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். அதற்கு ஒவ்வொரு புத்தகத்தோடும் நாற்பது பக்க நோட்டு ஒன்று போகிறது. அத்தியாய எண்ணைப் போட்டு, தோன்றியதை எழுதலாம். பக்க எண் போடாதீர்கள். செல்போனில் படிப்பவருக்கு அது உதவாது, பதிப்புக்குப் பதிப்பும் மாறும். படிக்கிறவர் தான் முடித்த அத்தியாயம் வரைக்கும்தான் நோட்டைப் பார்க்க வேண்டும்.

சுழற்காற்றின் நோட்டு இப்போது என் முன்னால் இருக்கிறது. 12-ஆவது அத்தியாயத்துக்கு நேரே நாலு கையெழுத்து. முதலாவது டீச்சருடையது, சிவப்பு மை, "அருமை" என்று ஒரே சொல். இரண்டாவது தையல்கடை அக்கா: "இதைப் படிச்சிக்கிட்டே பட்டன் மாத்தித் தச்சிட்டேன். பிரிச்சு மறுபடி தைக்கணும். பரவாயில்ல." மூன்றாவது, அதற்குக் கீழே வேறு மையில்: "அக்கா அது என் பிளவுஸ்தான்." நாலாவது மருமகள் எழுதியது: "அத்தை இன்னிக்கு ரெண்டு தோசை கூட சாப்பிட்டாங்க." இந்த நோட்டுகளை நான் பாட்டியின் தொகுப்புக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.

வெளியூருக்கு அனுப்புவது

நாத்தனார் கோயம்புத்தூரில். இரண்டாவது முறை அவரையும் சேர்த்துக்கொண்டோம். பஸ்ஸில் தெரிந்தவரிடம் கொடுத்தனுப்பலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் அதைச் செய்வதில்லை. அங்கே இறங்கி வாங்க ஆள் வேண்டும், போன் எடுக்க வேண்டும், பதற்றம்தான் மிச்சம். தபால்தான் நல்லது.

முன்பு பதிவுப் புத்தக அஞ்சல் இருந்தது. 2024 டிசம்பரில் அதை நிறுத்திவிட்டார்கள். 2025 மே மாதம் முதல் ஞான் போஸ்ட் என்று ஒன்று வந்திருக்கிறது. 300 கிராம் வரை 20 ரூபாய், எடை கூடக்கூடக் கட்டணமும் கூடி 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. தரை வழியாகப் போவதால் சில நாள் ஆகும், ஆனால் எங்கே இருக்கிறது என்று எண்ணை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். கவுன்டரில் ஞான் போஸ்ட் என்று பெயர் சொல்லியே கேளுங்கள்.

இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். புத்தகத்தில் அச்சிட்டவர் அல்லது வெளியிட்டவர் பெயர் இருக்க வேண்டும். பைண்டு செய்யும்போது பழைய தலைப்புப் பக்கத்தையும் பதிப்பக விவரம் உள்ள பக்கத்தையும் குப்பையில் போட்டுவிடாதீர்கள். இரண்டாகப் பிரித்த ஐந்தாம் பாகத்தின் பின்பாதிக்கு நான் அந்தப் பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்து ஒட்டியிருக்கிறேன். அப்புறம், இது அச்சிட்ட புத்தகத்துக்கான சேவை. கையெழுத்து நோட்டை அதற்குள் வைக்காதீர்கள். நாத்தனாருக்கு நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்புகிறோம், அவர் எழுதியதை டீச்சர் இங்கே நோட்டில் நகல் எடுத்து எழுதிவிடுகிறார்.

கட்டும்போது முதலில் செய்தித்தாள், அதற்கு மேல் பிளாஸ்டிக் உறை, நாலு மூலைக்கும் பழைய அட்டைப் பெட்டியிலிருந்து வெட்டிய அட்டை, அதற்கு மேல் பிரவுன் தாள். மூலைதான் முதலில் நசுங்கும். தபாலில் போகவும் வரவும் சில நாள் ஆவதால் வெளியூர் ஆளுக்கு ஒரு தவணைக்குப் பதில் இரண்டு தவணை ஒதுக்குங்கள். அல்லது எங்களைப் போலக் கடைசி இடத்துக்கு முந்தின இடத்தில் வையுங்கள்.

பழுது

கிழிந்த தாளுக்கு செலோ டேப் ஒட்டவே ஒட்டாதீர்கள். இரண்டு வருடத்தில் மஞ்சளாகி, பசை எழுத்துக்குள் இறங்கி, டேப் மட்டும் தனியாக உரிந்து வரும். மெல்லிய டிஷ்யூ தாளைக் கையால் கிழித்து (கத்தரியால் வெட்டினால் ஓரம் தெரியும்), மைதா பசையைத் தண்ணீராகக் காய்ச்சித் தடவி ஒட்டுங்கள். பைண்டர்கள் அந்தப் பசையில் துளி மயில்துத்தம் போடுவார்கள், பூச்சி வராமல் இருக்க. அது விஷம், பிள்ளைகள் இருக்கிற வீட்டில் நீங்களே கலக்க வேண்டாம். பைண்டரிடமே கொஞ்சம் பசை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஐப்பசியில் ஒருமுறை கொலை வாள் மழையில் நனைந்தது. ஸ்கூட்டி பெட்டிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. கொண்டுவந்தவள் அழுதுகொண்டே என் வீட்டு வாசலில் நின்றாள். நனைந்த புத்தகத்தை வெயிலில் வைத்தால் தாள் சுருங்கி அலை அலையாகிவிடும். ஒட்டிய தாளை ஈரத்தோடு பிரித்தாலும் கிழியும். துணியால் ஒற்றி எடுத்து, பத்துப் பத்துத் தாளுக்கு நடுவில் செய்தித்தாள் வைத்து, மின்விசிறிக் காற்றில் வைத்தோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை செய்தித்தாளை மாற்ற வேண்டும். ராத்திரி பதினொன்றரை வரை அவளும் நானும் அதைத்தான் செய்தோம், நடுவில் ரசம் சாதம் சாப்பிட்டோம். மறுநாள் முக்கால்வாசி காய்ந்ததும் இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து மேலே அரிசி டின்னை ஏற்றினேன். மூன்று நாள். ஓரம் லேசாக அலை பாய்ந்திருக்கிறது, ஆனால் எல்லா வரியும் படிக்கலாம்.

அட்டைக்குப் பிரவுன் தாள் போதும். கண்ணாடி மாதிரி இருக்கிற பிளாஸ்டிக் உறை பார்க்க நன்றாக இருக்கும், மழைக்காலத்தில் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

திரும்பி வந்ததும்

வீட்டுக்கு வந்ததும் அலமாரியில் வைத்துவிடாதீர்கள். ஆறையும் நிழலில் விசிறிபோல விரித்து ஒரு நாள் காற்றாட நிறுத்துங்கள். தாள் தாளாகப் புரட்டிப் பார்த்தால் எங்கே தையல் தளர்ந்திருக்கிறது, எங்கே இராமபாணப் பூச்சி துளைக்க ஆரம்பித்திருக்கிறது என்று தெரியும். அலமாரியில் வசம்புத் துண்டு ஒன்றிரண்டு போட்டு வையுங்கள். பாட்டி காலத்துப் பழக்கம்தான், பாட்டியின் தொகுப்பில் இத்தனை வருடத்தில் ஒரு துளைகூட இல்லை.

இந்த வருடம் புரட்டும்போது தியாக சிகரத்தின் முதல் பாதியில் ஒரு சத்திரம் பேருந்து நிலைய டிக்கெட், மணிமகுடத்தில் காய்ந்த மருக்கொழுந்து ஒரு கிளை, கடைசிப் புத்தகத்தில் பெரியம்மாவின் மாத்திரை அட்டை ஒன்று, வெறும் அட்டை. மாத்திரை அட்டையை மட்டும் எடுத்துவிட்டேன். தவணைச் சீட்டில் இடம் தீர்ந்துவிட்டது, புதிதாக ஒட்ட வேண்டும். அடுத்த ஆடிக்கு ஏழு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். எட்டாவதாகப் பூக்கடை அக்கா நேற்று கேட்டார், கடையில் உட்கார்ந்தே படித்தால் பரவாயில்லையா என்று. பைண்டரும் கேட்டிருக்கிறார். அவரை முதல் ஆளாக வைக்கலாமா என்று டீச்சரிடம் பேச வேண்டும்.